கண்ணாடிப் பெட்டியும் ஒரு தொலைபேசி எண்ணும்

1. சனிக்கிழமை வந்த போன்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் கண் மருத்துவமனையில் கூட்டம் குறையும். டீ குடிக்கலாம் என்று எழுந்தபோதுதான் என் மேஜை போன் அடித்தது.

"சிஸ்டர், திருவையாறு பக்கத்துலேர்ந்து பேசறேன். தேன்மொழியோட அம்மா."

நான் சிஸ்டர் இல்லை. தஞ்சாவூரில் இந்த மருத்துவமனையில் முப்பது வருடமாக ரிஃப்ராக்‌ஷனிஸ்ட், அதாவது கண்ணில் எவ்வளவு பவர் இருக்கிறது என்று சோதித்து எழுதுகிறவள். கடைசிப் பத்து வருடமாக, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் பேசுகிற கவுன்சலிங் வேலையும் என்னுடையது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் எல்லாம் டெல்டா ஜனங்களுக்கு சிஸ்டர்தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

"சொல்லுங்க சரோஜாம்மா. பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. எடது கண்ணுல மட்டும் கீழ்ப்பக்கம் ஏதோ கறுப்பா மறைக்குதாம். வயல்ல தண்ணி ஏறுற மாதிரி கீழேர்ந்து ஏறிக்கிட்டே வருதுங்கறா."

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"கறுப்பு ரெண்டு நாளா. அதுக்கு முன்னாடி ஒரு பதினஞ்சு நாளா ஓரத்துல பளிச் பளிச்சுன்னு மின்னுச்சாம். ஐப்பசி மழை பாருங்க, வெளியில மின்னல் வெட்டுதுன்னு நெனச்சிருக்கா. போன்லதான் சொன்னா."

"ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நேரா பாத்தா தெரியுதாமா?"

"நேரா பாத்தா நல்லா தெரியுதாம்."

அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது. விழித்திரை கிழிந்து, சுவரில் ஒட்டிய காகிதம் போல மேலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது. மேலே பிரிந்தால் பார்வையில் கீழே கறுப்பு தெரியும். நேராகப் பார்த்தால் தெரிகிறது என்றால், நடுப்பகுதியான மேக்குலா இன்னும் பிரியவில்லை. அது பிரிவதற்குள் ஆபரேஷன் செய்தால் கண் ஏறக்குறைய பழையபடி கிடைக்கும். பிரிந்துவிட்டால் ஒட்டவைக்கலாம், பழைய பார்வை வராது.

"இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. சாப்பிடக்கூட நிக்காதீங்க."

"இன்னிக்கா? சம்பந்தி வீட்ல என்னன்னு சொல்றது? அடுத்த வாரம் தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் இங்க வந்துடுவாங்க. அப்ப மாப்பிள்ளைக்குத் தெரியாம சத்தமில்லாம கூட்டியாந்துடறேன்."

"அடுத்த வாரம் வந்தா பார்வை இருக்காது."

இதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது. அந்தம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"சரி சிஸ்டர். எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லி நாளைக்கு காலையில அவள வரவழைச்சு நேரா அங்க கொண்டாந்துடறேன். நீங்க மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. வாக்கு குடுத்திருக்கீங்க."

கொடுத்துத்தான் இருந்தேன்.

2. இனிப்பு டின்

தேன்மொழி முதலில் வந்தபோது பி.காம். முடித்திருந்தாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் பதினான்கு. கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் இருக்கும் சார்ட்டின் முதல் எழுத்து மட்டுமல்ல, சார்ட்டே தெரியாது. அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர். இரண்டு இடத்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டு, "சோடாபுட்டி போட்டிருக்கே" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தையைச் சரோஜாம்மா என்னிடம் சொல்லும்போது மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பவருக்கு லேசர் சரிப்படாது. கண்ணுக்குள்ளேயே, பிறவி லென்ஸுக்கு முன்னால் இன்னொரு மெல்லிய லென்ஸைப் பொருத்துவோம். நல்ல ஆபரேஷன். மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஆனால் ஒன்றை நாங்கள் எல்லோருக்கும் சொல்வோம். கிட்டப்பார்வைக் கண் நீளமான கண். சின்னக் கட்டிலுக்கான விரிப்பைப் பெரிய கட்டிலில் இழுத்துப் போட்டது போல உள்ளே விழித்திரை மெலிந்து கிடக்கும். லென்ஸ் வைத்தால் பார்வைதான் தெளியும். கண்ணின் நீளமும் குறையாது, விழித்திரையின் மெலிவும் மாறாது. அதனால் ஆயுசுக்கும் வருடம் ஒருமுறை சொட்டுமருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

தேன்மொழிக்கும் சொன்னேன். இரண்டு மெலிந்த இடங்களுக்கு முன்கூட்டியே லேசர் வைத்தோம். பிறகு லென்ஸ் வைத்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, உனக்கு நெத்தியில இவ்வளவு நரையா?" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தோம், அழுதோம்.

அப்புறம் பெட்டிக்கு வந்தாள். அந்தப் பெட்டி என் ஏற்பாடு. பெரிய இனிப்பு டின் ஒன்றுக்குக் கலர் காகிதம் ஒட்டி என் அறை வாசலில் வைத்திருந்தேன். லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் பழைய கண்ணாடியை அதில் போட வேண்டும், நாங்கள் கை தட்டுவோம். மைனஸ் பதினான்கு கண்ணாடி வேறு யாருக்கும் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. போட்டோகூட எடுப்போம்.

தேன்மொழி கண்ணாடியை உள்ளே போட்டுவிட்டு, "இனிமே இத நான் பாக்கவே கூடாது சிஸ்டர்" என்றாள். நானும் தட்டினேன்.

முப்பது வருடத்தில் நான் செய்த காரியங்களில் வெட்கப்படத்தக்கது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்தக் கைதட்டலைத்தான் சொல்வேன். பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, "உங்க கண்ணு இன்னும் கிட்டப்பார்வைக் கண்ணுதான்" என்று சொன்னது நான். பெட்டியை நீட்டி, எல்லாம் தீர்ந்தது என்று ஒரே நிமிடத்தில் நம்பவைத்ததும் நான்.

அன்று கிளம்பும்போது சரோஜாம்மா என்னை ஓரமாக அழைத்தார்.

"சிஸ்டர், இனிமேதான் மாப்பிள்ளை பாக்கணும். ஆபரேஷன் விஷயம் வெளியில தெரிய வேணாம். நாளைக்கு அவ போற எடத்துக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் கீன் வந்துச்சுன்னா வம்பு. என் நம்பரயே போட்டுக்குங்க."

கேஸ் ஷீட்டில் தேன்மொழியின் எண்ணை அடித்துவிட்டு அம்மாவின் எண்ணை எழுதினேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். ஒரு தாயின் கஷ்டத்துக்கு உதவியதாக எனக்கு அன்றைக்கு நல்ல திருப்தி.

ஆறு மாதச் சோதனைக்கு வந்தாள். விழித்திரை நன்றாக இருந்தது. வைகாசியில் கல்யாணம் நடந்து, திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனாள். வருடாந்திரச் சோதனைக்கு நாள் வந்ததும் நாங்கள் மாதாமாதம் போன் செய்தபோதெல்லாம் அம்மாதான் எடுத்தார். "நல்லா தெரியுதாம் சிஸ்டர், ஊசியில நூல் கோக்கறா. அடுத்த மாசம் கூட்டியாறேன்." நானும் 'நலமாக உள்ளார், அடுத்த மாதம் வருவார்' என்று எழுதினேன். மூன்று முறை அப்படி எழுதியிருக்கிறேன். யாருடைய கண்ணைப் பற்றி எழுதினேனோ அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று எனக்கு டியூட்டி இல்லை. இருந்தும் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். விழித்திரையைப் பார்க்கிற ரெடினா டாக்டரம்மாவிடம், "ஒரு பேஷன்ட் வருவாங்க டாக்டர், அவசரம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஒன்பது ஆனது, பத்து ஆனது. சரோஜாம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பதினொரு மணிக்குள் ஏழெட்டு முறை அடித்திருப்பேன். தேன்மொழியின் கல்லூரிக் காலத்து எண், நான் அடித்த கோட்டுக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது. அதுவும் இப்போது உபயோகத்தில் இல்லை. புருஷன் பெயர் தெரியாது, ஊர்ப் பெயர் அரைகுறையாக ஞாபகம். ஒரு கண் மணிக்கு மணி போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கண்ணுக்குரியவளைக் கூப்பிட எனக்கு வழியில்லை. வழியை அடைத்தவள் நான்.

அப்போதுதான் கேம்ப் ஞாபகம் வந்தது. பத்து நாள் முன்பு திருவாரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் குழு இலவசக் கண் சோதனை முகாம் நடத்தியிருந்தது. நான் போகவில்லை. ஆனால் முகாமுக்கு வருகிறவர்களிடம் கேட்டு நிரப்புகிற படிவம் நான் தயாரித்தது. அந்தக் கட்டு இன்னும் ஸ்டோர் ரூமில்தான் கிடந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பாதிக் கட்டு தாண்டியதும் கிடைத்தது.

தேன்மொழி, கணவர் பெயர் செந்தில். புகார்: கண் கூச்சம், ஓரத்தில் மின்னுகிறது. கண்ணாடி அணிகிறீர்களா: இல்லை. கண் ஆபரேஷன் நடந்துள்ளதா: இல்லை. பார்வை: இரு கண்ணும் 6/6, குறையில்லை. மருந்து: கண் ஈரத்துக்குச் சொட்டுமருந்து.

அவள் எங்களிடம்தான் வந்திருக்கிறாள். எங்கள் ஆட்களின் முன்னால்தான் உட்கார்ந்து, மின்னுகிறது என்று சொல்லியிருக்கிறாள். மைனஸ் பதினான்கு என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் எங்கள் பையன்கள் அவளை அன்றே வண்டியில் ஏற்றியிருப்பார்கள். கிழிசலோடு போயிருக்கும், லேசரோடு முடிந்திருக்கும். 'கண்ணாடி அணிகிறீர்களா' என்று கேட்டேனே தவிர, 'எப்போதாவது அணிந்ததுண்டா' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆபரேஷன் பற்றிய கேள்விக்கு அவள் இல்லை என்று சொன்னபோது பக்கத்தில் மாமியார் நின்றிருந்தாராம். இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

படிவத்தில் செந்திலின் போன் எண் இருந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது உண்மை. ஆனால் அந்த வாக்கை என்னிடம் வாங்கியது கண்ணுக்குரியவள் இல்லை. எண்ணை அழுத்தினேன்.

"யாருங்க?"

"தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன் தம்பி. தேன்மொழிகிட்ட பேசணும்."

"அவ வீட்ல இருக்கா மேடம். நான் வயல்ல நிக்கறேன், நடவு முழுகிப் போச்சு, தண்ணி வடிச்சிட்டிருக்கோம். என்ன விஷயம்?"

"அவங்க எடது கண்ணுல அவசரம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இங்க கொண்டாரணும். இல்லேன்னா அந்தக் கண்ணு போயிடும்."

"கேம்ப்ல நல்லா இருக்குன்னு சொன்னாங்களே?"

"தப்பு நடந்துருச்சு தம்பி. எங்க தப்பு. மீதிய அவங்களே உங்ககிட்ட சொல்லுவாங்க."

 கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"வர்றோம். வண்டி பிடிச்சிட்டேன்னா மூணு மணிக்குள்ள வந்துடுவோம்" என்றார் செந்தில்.

4. நடுப்புள்ளி

சொன்னபடி வந்துவிட்டார்கள். செந்திலின் காலில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. தேன்மொழியை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கண்ணை மூடிச் சார்ட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலை சிஸ்டர்."

"நேத்து நேரா பாத்தா தெரியுதுன்னியாமே?"

"நேத்து தெரிஞ்சுது. இன்னிக்கு காலையில மழை விட்டப்ப வாசல்ல கோலம் போட்டேன். சந்தேகமா இருக்கேன்னு வலது கண்ண பொத்திக்கிட்டுப் பாத்தேன். நடுப்புள்ளி இல்ல. புள்ளி வெச்ச எடமே இல்ல."

அன்று காலைக்குள் நடுப்பகுதி போயிருக்கிறது. சனிக்கிழமை பகலில் அவள் அம்மா எனக்குப் போன் செய்தபோது அது இருந்தது. அன்றே இந்தக் கேம்ப் கட்டை நான் புரட்டியிருந்தால் சனிக்கிழமை மாலையே அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஒரு சமாதானமும் நான் எனக்குச் சொல்லிக்கொள்வதில்லை.

ரெடினா டாக்டர் சோதித்துவிட்டு, மறுநாள் காலையே ஆபரேஷன் என்றார். வலது கண்ணிலும் ஒரு சிறு கிழிசல் ஆரம்பித்திருந்தது. அன்று மாலையே அதைச் சுற்றி லேசர் வைத்து நிறுத்தினார். அந்தக் கண் தப்பியது. பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டியவர், அடித்து எழுதிய எண்ணில் விரலை வைத்தார்.

"இது யாரு எழுத்து, வசந்தா?"

"என்னுதுதான் டாக்டர்."

"ஏன்?"

"கேட்டாங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஷீட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சரோஜாம்மா இரவு ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார். காலையில் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். "இந்த மழையில பொண்ணு பஸ் மாறி வர வேணாம், நாளைக்கு செந்திலே கொண்டாந்து விடுவான்" என்று சம்பந்தியம்மா அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் வற்புறுத்த இவருக்குத் தைரியமில்லை. எனக்குப் பதில் சொல்லவும் தைரியமில்லாமல் போனை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார். நானும்தான் என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

5. தலை தீபாவளி

ஆபரேஷனில் விழித்திரையை ஒட்டவைத்து, அது மறுபடி பிரியாமல் இருக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். அதன் பிறகு பல நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும். தீபாவளியன்று தேன்மொழி வார்டில் முகத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். புதுத்துணி பையிலேயே இருந்தது. காலையில் ரவுண்ட்ஸுக்குப் போனபோது செந்தில் கட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். அவள் முகத்துக்கு நேர் கீழே அவர் முகம். அப்படித்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணீர் அவர் முகத்தில்தான் விழுந்தது.

நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நீங்கதான் சொல்லணும் தம்பி."



"எங்கம்மா வேணாம்னு சொல்லியிருக்கும். நெசம் அதான். நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. நல்லவன் மாதிரி இப்ப பேச எனக்குப் பிடிக்கல."

முப்பது வருடத்தில் இந்த வராந்தாவில் எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக யாரும் பேசிக் கேட்டதில்லை. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து எண்ணெயை எடுத்தார்கள். விழித்திரை ஒட்டியபடி நின்றது. ஆனால் இடது கண்ணின் பார்வை 6/36. சார்ட்டில் மேலேயுள்ள பெரிய எழுத்துகள் மட்டும், அதுவும் கொஞ்சம் கோணலாக. அதற்கு மேல் வராது.

இதைப் படிக்கிற இளைய ஊழியர்கள் லென்ஸ் ஆபரேஷன் மேல் பழி போட்டுவிட வேண்டாம். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. இந்த அளவு கிட்டப்பார்வை உள்ள கண்ணில், லென்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் விழித்திரை கிழியலாம். மின்னலாக, பறக்கும் புள்ளிகளாக, திரையாக அது முன்கூட்டியே சொல்லவும் செய்யும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மறைத்துவிடும். அதனால் தினமும் ஒரு கண்ணைப் பொத்தி மற்றொன்றால் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். நோயாளியின் எண்ணை நோயாளியிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றவர்கள், கட்டினவர்கள் எண்ணெல்லாம் அதற்குக் கீழேதான். ரகசியம் காக்கச் சொன்னால் காக்கலாம். ஆனால் அது யாருடைய ரகசியம் என்று முதலில் பாருங்கள்.

பெட்டியை நானே எடுத்துவிட்டேன். அடியில் தேன்மொழியின் கண்ணாடி கிடந்தது. எண்ணெய் எடுத்த பிறகு வந்த நாளில் துடைத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இப்போது லென்ஸ் வைத்தவர்களிடம், "பழைய கண்ணாடிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, கண்ணுல படற எடத்துல வைங்க" என்கிறேன். யாரும் கை தட்டுவதில்லை.

6. அதே பள்ளிக்கூடம்

அடுத்த வருடம் அதே பள்ளிக்கூடத்தில் கேம்ப். இந்த முறை நானே போய், முதல் மேஜையில் புதுப் படிவத்தோடு உட்கார்ந்தேன். சம்பா நடவு முடிந்த நேரம், நல்ல கூட்டம். பதினொரு மணி வாக்கில் தேன்மொழி மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். அந்தம்மாவுக்குக் கண்ணில் புரை. தேன்மொழி முகத்தில் சின்னப் பவருக்கு ஒரு கண்ணாடி இருந்தது.

மாமியாருக்கு எழுதி முடித்ததும், "உனக்கும் ஒண்ணு எழுதிடறேன்" என்று இன்னொரு படிவத்தை எடுத்தேன். அவள் கதை முழுக்க எனக்குத் தெரியும். ஆனாலும் படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"எப்பவாவது கண்ணாடி போட்டிருக்கீங்களா? என்ன பவர்?"

அவளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பக்கத்தில் மாமியார். தேன்மொழி குரலைத் தாழ்த்தவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து போட்டிருந்தேன். மைனஸ் பதினாலு. ரெண்டு கண்ணும்."

"ஆபரேஷன்?"

"ரெண்டு கண்ணுலயும் உள்ள லென்ஸ் வெச்சிருக்கு. எடது கண்ணுல ரெடினா பிரிஞ்சு ஆபரேஷன் பண்ணுனது. வலது கண்ணுல லேசர்."

மாமியார், "வலது கண்ண வருசா வருசம் பாக்கணுமாமே, அதையும் எழுதிக்குங்க" என்றார்.

எழுதினேன். போன முறை 'இல்லை' என்று இருந்த இரண்டு கட்டங்களும் நிரம்பி, ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. போன வருடம் இதே பெஞ்சில் இதைச் சொல்லியிருந்தால் அந்தக் கண் இன்று முழுசாக இருந்திருக்கும். அவளுக்கும் அது தெரியும். கடைசியில் போன் நம்பர் என்ற கட்டம் வந்தது. செந்தில் எண்ணும் சரோஜாம்மா எண்ணும் எனக்கு மனப்பாடம்.

"உன் நம்பர் சொல்லும்மா" என்றேன்.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினேன். சரி என்றாள்.